நெடுங்கணக்கைக் குலைக்கும் பட்டியல்

கணிப்பொறியில் சேர்த்து வைத்த கோப்புகளின் பெயர்களைக் காண விழைவோர், ஆணைவரியில் 'எல்எசு' என இரண்டே ஆங்கில எழுத்துகளைத் தட்டுவர். அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்சு இயங்குதளத்தின் 1971ஆம் ஆண்டு முதற் கையேட்டிலேயே இவ்வாணை இடம்பெற்றுள்ளது. பட்டியலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தும் மூன்றாமெழுத்துமே அதன் பெயராயின. ஓர் அடைவிலுள்ள கோப்புகளையும் உள்ளடைவுகளையும் அது பெயர்வரிசையில் நிறுத்திக் காட்டும்.

கோப்புகளுக்குத் தூய தமிழிலேயே பெயரிடலாம், தடையேதும் இல்லை. ஆயின், அப்பெயர்கள் நிற்கும் வரிசை எவருடைய வரிசை?

மரம், மலர், மழை, மறம், மனம் என ஐந்து கோப்புகள் உள்ளனவாகக் கொள்க. இவ்வாறு நிற்பதே நெடுங்கணக்கு முறை. ஆனால், 'சி' எனப்படும் அடிப்படை மொழிச்சூழலில் அவ்வாணையை இட்டால் மனம், மரம், மறம், மலர், மழை என்றே திரையில் தோன்றும். ஈற்றில் நிற்க வேண்டிய னகரம் முதலிடத்திற்குத் தாவுகிறது. றகரமோ லகர ழகரங்களை முந்துகிறது. தொல்காப்பியம் காட்டிய எழுத்துமுறை நொடியில் குலைகிறது!

குற்றம் ஆணையினுடையதன்று. அச்சூழலில் அது எழுத்துகளின் எண்மதிப்பை மட்டுமே நோக்கும். அவ்வெண்களை வழங்கியது 1991இல் வெளிவந்த ஒருங்குறி. அதுவோ, இந்திய எழுத்துகள் பலவற்றிற்கும் ஒரே அச்சு வார்த்த 1988ஆம் ஆண்டு 'இசுக்கி' முறையைப் பின்பற்றியது. தேவநாகரியோடு ஒத்த கட்டங்களில் தமிழ் அடைக்கப்பட்டது. அதனால் நகரத்தின் அருகில் னகரமும், ரகரத்தின் அருகில் றகரமும் ஒட்டவைக்கப்பட்டன. ழகரமும் ளகரமும் வகரத்திற்கு முன்னே தள்ளப்பட்டன. பிறர் வகுத்த கட்டத்திற்குள் தமிழ் புகுந்ததன் விளைவு இது.

மருந்தும் உண்டு. எண்மதிப்பு வேறு, வரிசைமுறை வேறு. ஒருங்குறியின் வரிசைப்படுத்தும் நெறி, பதினெட்டு மெய்களையும் தமிழ் மரபின்படியே நிறுத்துகிறது. அந்நெறியைத் தழுவிய மொழிச்சூழலை அமைத்துக்கொண்டால், அதே ஆணை அதே கோப்புகளைச் செம்மையாக அடுக்கிக் காட்டும்.

இதனை அறியாத நிரலர் எண்மதிப்பையே வரிசையெனக் கொள்வாராயின், அகரமுதலிகளும் நூலகப் பட்டியல்களும் வாக்காளர் பெயர்வரிசைகளும் பிழைபடும். அப்பிழையைப் பார்த்தே வளரும் பிள்ளைகள் அதனையே முறையென நம்புவர். ஆகவே, தமிழில் நிரல் எழுதுவோர் ஒவ்வொருவரும் தம் பணி முடிந்ததெனக் கருதுமுன் அவ்வைந்து பெயர்களையும் இட்டுப் பார்த்தல் வேண்டும். மனம் இறுதியில் நின்றால் தமிழ் தன்னிடத்தில் நிற்கிறது. முன்னே வந்தால் பணி இன்னும் முடியவில்லை.