மடியில் கனம் உள்ள நாளில் வழியில் கவனம்



நெல், மஞ்சள், கரும்பு என்று அறுவடைப் பணம் கைக்கு வரும் காலம் இது. மாடு வாங்க, அடகு நகையை மீட்க, கல்யாணத் துணி எடுக்க என்று அந்தப் பணத்தோடு நாம் பேருந்து ஏறும் காலமும் இதுதான். அதனால் பூச்சி, நோய் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு வாசகியின் கடிதத்துக்கு இந்த முறை விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: "ஐயா, கறவை மாடு வாங்குவதற்காக என் வீட்டுக்காரர் 58,000 ரூபாயுடன் சந்தைக்குக் கிளம்பினார். அதில் 40,000 மகளிர் குழுக் கடன். மீதி, பால் காசில் சேர்த்தது. பேருந்தை விட்டு இறங்கும் நெரிசலில் வேட்டியையும் டவுசர் பையையும் சேர்த்து பிளேடால் கிழித்துப் பணத்தை எடுத்துவிட்டார்கள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவர் போலீசுக்குக்கூடப் போகவில்லை. இரண்டு மாதமாகச் சரியான சாப்பாடு, தூக்கம் இல்லை. இனி சந்தைப் பக்கமே போகமாட்டேன் என்கிறார். கடன் தவணை மட்டும் தவறாமல் வருகிறது. நாங்கள் என்ன செய்வது?"
- பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, இந்தப் பதிலை உங்கள் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள். அவர் அசட்டையாக இருந்து பணத்தை விட்டவர் இல்லை. சட்டைப் பையில் வைக்காமல் உள் டவுசரில் பத்திரப்படுத்தித்தான் போயிருக்கிறார். நம் அப்பாவும் தாத்தாவும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். ஆனால் ஜேப்படித் திருடனுக்கு இது அன்றாடத் தொழில். நாம் வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் பெரிய பணத்தோடு பயணம் போகிறோம். அவன் தினமும் அதே பேருந்து நிலையத்தில் நிற்கிறான். இதில் வெட்கப்பட வேண்டியவர் உங்கள் வீட்டுக்காரர் இல்லை.

இப்போது செய்யவேண்டியவை மூன்று.

முதலாவது, இரண்டு மாதம் ஆகிவிட்டாலும் புகார் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் சொல்லலாம். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னால் போதும், அவர்கள் எழுதிப் படித்துக் காட்டவேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். இந்தக் கும்பல்கள் வேறு ஊரில், வேறு வழக்கில் பிடிபடுவது உண்டு. அப்போது மீட்கப்படும் பணத்தில் உரிமை கேட்க, நம் பெயரில் ஒரு புகார் இருந்தால்தான் வழி.

இரண்டாவது, குழுக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். தவணையைச் சிறிதாக்கவோ காலத்தை நீட்டிக்கவோ கேட்கலாம். மறைத்துவிட்டு, இந்தத் தவணையைக் கட்டக் கந்துவட்டிக்கு வாங்கினால், திருடன் எடுத்ததைவிட வட்டிக்காரர் எடுப்பது அதிகமாகிவிடும்.

மூன்றாவது, கிசான் கடன் அட்டை பயிருக்கு மட்டும் இல்லை, கால்நடை வளர்ப்புக்கும் உண்டு. உங்கள் வங்கியிலோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்திலோ கால்நடைப் பராமரிப்புச் செலவுக்கு என்று கேட்டுப் பாருங்கள்.

இனி, மற்ற வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

திருடன் நம்மை எப்படிக் கண்டுபிடிக்கிறான்?

வேட்டி மடியிலும் முந்தானை முனையிலும் காசை முடிந்துகொண்டு போன காலத்தில் இவனுக்கு 'முடிச்சவிழ்க்கி' என்று பெயர். முடிச்சு போய் பர்ஸ் வந்தது. பர்ஸோடு ஏ.டி.எம். அட்டையும் செல்போனும் சேர்ந்துகொண்டன. அவன் வேலை செய்யும் முறை மட்டும் மாறவில்லை. நம் கவனம் ஒரு நிமிடம் வேறு பக்கம் திரும்பினால் அவனுக்குப் போதும்.

சந்தைக்கு நாள் உண்டு. பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும். ஈரோடு கருங்கல்பாளையத்தில் வியாழன். நமக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும். காலைப் பேருந்தில் வாங்கப் போகிறவரிடம் பணம் இருக்கும். மாலைப் பேருந்தில் விற்றுத் திரும்புகிறவரிடம் இருக்கும். அது எந்தப் பையில் என்பதை நாமே காட்டிக்கொடுக்கிறோம். 'ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை' என்ற பலகையைப் பார்த்ததும் கை தானாகப் பணம் இருக்கும் இடத்துக்குப் போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மடியைத் தடவிப் பார்ப்போம். பக்கத்தில் நிற்பவன் அதைத்தான் கவனிக்கிறான்.

பேருந்தில் ஆபத்தான இடம் இருக்கை இல்லை, படிக்கட்டு. மூன்று நான்கு பேராக வருவார்கள். ஒருவன் படியில் நின்று சில்லறையைக் கீழே போடுவான். பொறுக்கக் குனிந்து வழியை அடைப்பான். இன்னொருவன் பின்னால் இருந்து நெருக்குவான். கையில் துண்டோ பையோ தொங்கவிட்டவன் அதன் மறைவில் வேலையை முடிப்பான். எடுத்த பணம் உடனே நான்காவது ஆள் கைக்குப் போய்விடும். அதனால் பெரிய பணம் கையில் இருக்கும் நாளில் முண்டியடித்து ஏறாதீர்கள். அடுத்த பேருந்துக்குக் காத்திருப்பதால் அரை மணி நேரம்தான் போகும். இறங்கும்போது கூட்டத்தை முன்னால் விட்டு, கடைசியாக இறங்குங்கள்.

வங்கி வாசலில் வேறு விதம். உள்ளே பணம் எண்ணும்போதே ஒருவன் பார்த்துவைப்பான். வெளியே வந்ததும், "ஐயா, உங்க பணம் கீழே விழுந்துடுச்சு" என்பான். திரும்பிப் பார்த்தால் நான்கைந்து பத்து ரூபாய் நோட்டு கிடக்கும். அதைப் பொறுக்கக் குனியும்போது வண்டியில் மாட்டிய பை காணாமல் போகும். சட்டையில் அசிங்கம் பட்டிருக்கிறது என்று சொல்வதும், வண்டி டயரைப் பஞ்சராக்கிவிட்டுப் பின்னாலேயே வந்து உதவுவதும் இதே வகைதான். அப்படி யார் எதைச் சொன்னாலும், முதலில் பையை மார்போடு அணைத்துப் பிடியுங்கள். பிறகு வங்கிக்குள்ளோ பக்கத்துக் கடைக்குள்ளோ போய்விடுங்கள். வண்டியின் டேங்க் கவரிலும் சீட்டுக்கு அடியிலும் பணம் வைத்துவிட்டு டீக்கடையில் நிற்கவே கூடாது.

ஏ.டி.எம்.மில் உதவ வருகிறவர், ரகசிய எண்ணைப் பார்த்துக்கொண்டு, நம் அட்டைக்குப் பதில் அதே நிறத்தில் வேறு அட்டையைக் கொடுத்துவிடுவார். வெளியே வரும்முன் அட்டையில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் அச்சிடாத அட்டை என்றால் கடைசி நான்கு எண்ணை நினைவில் வைத்துப் பாருங்கள். ரகசிய எண்ணை அட்டையின் உறையில் எழுதி வைப்பது, பூட்டிய வீட்டுத் திண்ணையிலேயே சாவியை வைத்துவிட்டுப் போவதற்குச் சமம்.

பெண்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. "முன்னால் திருட்டு நடந்திருக்கிறது, நகையைக் கழற்றிப் பேப்பரில் மடித்துப் பைக்குள் வையுங்கள்" என்று போலீஸ் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். மடித்துக் கொடுத்த பொட்டலத்தை வீட்டில் பிரித்தால் கல்தான் இருக்கும். உண்மையான போலீஸ்காரர் நடுத்தெருவில் நகையைக் கழற்றச் சொல்லமாட்டார்.

பயணத்தில் நட்பாகப் பேசி, "பள்ளம் தோண்டும்போது தங்கக் காசு கிடைத்தது, பாதி விலைக்குத் தருகிறேன்" என்பவர்களும் உண்டு. சோதித்துப் பார்க்க முதலில் கொடுக்கும் காசு அசல் தங்கமாக இருக்கும். பணம் கொடுத்து வாங்கும் மூட்டையில் பித்தளை இருக்கும். இரிடியம் கலசம் என்று சொல்லி வருவதும் இதே கதை. ரயிலில் அறிமுகமில்லாதவர் கொடுக்கும் பிஸ்கட், குளிர்பானத்தை மரியாதையாக மறுத்துவிடுங்கள். ரயிலில் திருட்டு நடந்தால் 139-க்கு அழைக்கலாம்.

கிளம்பும் முன் வீட்டிலேயே செய்யவேண்டியவை

பயிரில் பூச்சி வந்தபின் மருந்துக்கு ஓடுவதைவிட, விதை நேர்த்தியில் தொடங்குவது செலவு குறைவு என்று அடிக்கடி சொல்கிறேன். இதிலும் பாதுகாப்பு வீட்டில்தான் தொடங்குகிறது.

1. கொண்டுபோகிற ரொக்கத்தைக் குறையுங்கள். சந்தையில் முன்பணத்தை மட்டும் ரொக்கமாகக் கொடுத்து, மீதியை விற்பவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விற்றால் பணத்தை வங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள். செல்போனில் யு.பி.ஐ. புதிதாகத் தொடங்குபவர்கள் சந்தைக்கு இரண்டு நாள் முன்பே தொடங்கிவிடவேண்டும். முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் அனுப்ப முடியும்.

2. ரொக்கம்தான் வேண்டும் என்றால் பிரித்து வையுங்கள். இரண்டு பேராகப் போனால் ஆளுக்குப் பாதி. உள் பனியனின் முன்பக்கம் ஒரு துணிப்பை தைத்து, ஜிப் போட்டு, ஊக்கும் குத்திக்கொள்ளலாம்.

3. டிக்கெட்டுக்கும் டீக்கும் வேண்டிய சில்லறை தனியாகச் சட்டைப் பையில் இருக்கட்டும். பெரிய கட்டை வழியில் வெளியே எடுக்கவே கூடாது. தொட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

4. எவ்வளவு பணம், எங்கே போகிறோம் என்பதை டீக்கடையிலும், பேருந்தில் செல்போனிலும் சொல்லாதீர்கள்.

5. வங்கியின் புகார் எண், ஏ.டி.எம். அட்டையின் கடைசி நான்கு எண், செல்போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். செல்போனில் *#06# என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் தெரியும்.

கேள்வி: "சந்தையில் இரண்டு ஆடு விற்றேன். வாங்கியவர் செல்போனில் பணம் அனுப்பிவிட்டதாகத் திரையைக் காட்டினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கணக்கில் பணம் இல்லை. எப்படி?"

பதில்: பணம் போனதுபோலவே பச்சை டிக் காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. வாங்குபவரின் திரையைப் பார்த்து ஆட்டை அவிழ்த்துக் கொடுக்காதீர்கள். உங்கள் செல்போனில் உங்கள் கணக்கைத் திறந்து, இருப்பில் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். குறுஞ்செய்தியும் போலியாக வரலாம், அதனால் இருப்பைப் பார்ப்பதே சரி. 'நெட்வொர்க் இல்லை, கொஞ்ச நேரத்தில் வரும்' என்றால், வரும்வரை ஆடும் உங்களிடமே நிற்கட்டும். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: பணம் வாங்குவதற்கு நாம் ரகசிய எண் எதையும் அழுத்தத் தேவையில்லை. அழுத்தச் சொன்னால் நம் கணக்கில் இருந்து பணம் போகப்போகிறது என்று பொருள். உங்களை ஏமாற்றியவரின் செல்போன் எண், வண்டி எண், சந்தை நுழைவுச் சீட்டு ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு உடனே புகார் கொடுங்கள்.

பறிபோய்விட்டால் முதல் ஒரு மணி நேரம்

ரொக்கம் என்றால் பேருந்து நகரும் முன் சத்தம் போட்டு நடத்துநரிடம் சொல்லுங்கள். அவசர எண் 112 அல்லது 100-ஐ அழையுங்கள். கேலி செய்வார்களோ என்று வாயை மூடிக்கொண்டால் அந்த நிமிடங்கள் அவன் தப்பிக்க உதவும்.

வங்கிக் கணக்கில் இருந்து பணம் போனால் முதலில் வங்கியை அழைத்து அட்டையையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். அடுத்து 1930. இது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். சீக்கிரம் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017-ம் ஆண்டு சுற்றறிக்கைப்படி, நம் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது. அதனால் புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

செல்போன் போனால் சிம் கார்டை முடக்குவதுதான் முதல் வேலை. ஓ.டி.பி. எல்லாம் அதில்தான் வருகிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தபின், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பதிந்து செல்போனையே முடக்கலாம். வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் செய்து தருவார்கள்.

இதையெல்லாம் செய்ய, முதலில் வீட்டில் சொல்லவேண்டும். பணம் போனதை மனைவியிடம் மறைத்துக் கடன் வாங்கி, அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கி, கடைசியில் நிலத்தை விற்ற குடும்பங்கள் உண்டு. பறிபோனது ஒரு மாட்டின் விலை. அதை மறைப்பதால் ஒரு வயலும் போகவேண்டாம். வீட்டில் உள்ளவர்களும் "உன்னை யார் அங்கே வைக்கச் சொன்னது" என்று குத்திக்காட்டாமல் இருந்தால்தான், அடுத்த முறை யாரும் மறைக்கமாட்டார்கள்.

கடிதம் எழுதிய அம்மாவுக்குக் கடைசியாக ஒன்று. மாடு வாங்க மறுபடி பணம் சேரும்போது, நீங்களும் அவரோடு சந்தைக்குப் போய்வாருங்கள். மாட்டின் பல்லையும் மடியையும் அவர் பார்க்கட்டும். பணப்பையை நீங்கள் பாருங்கள்.

அடுத்த இதழில் கோடை உழவு பற்றி வந்திருக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.