வீட்டுத் தோட்டம்: நித்திய கல்யாணி

காட்கோபரில் வாழும் நம்மவர் இல்லங்களில் தோட்டம் என்பது பெரும்பாலும் ஜன்னல் கம்பிக்குள் அடங்கிய நான்கைந்து தொட்டிகளே. அவற்றுள் ஒன்றை நித்திய கல்யாணிக்கு அளிக்குமாறு வாசக அன்பர்களை வேண்டுகிறோம். ஊரில் இதனைச் சுடுகாட்டுப் பூ என்று ஒதுக்கியோர் உண்டு. நம் மராத்தி அண்டை வீட்டாரோ, என்றும் பூப்பது என்னும் பொருள்பட, 'சதாஃபுலி' என்று அழைக்கின்றனர்.

மடகாஸ்கர் தீவில் தோன்றி, நம் நாட்டில் தானே பரவிய செடி இது. விதையாலும் வளரும், இளந்தண்டை நட்டாலும் வளரும். செம்மண்ணுடன் மணலும் சிறிது மக்கிய எருவும் கலந்தால் போதும். நல்ல வெயில் வேண்டும். வறட்சியைத் தாங்கும்; தேங்கிய நீரைத் தாங்காது. ஆகவே மும்பையின் மழைக்காலத்தில் தொட்டியின் அடித்துளை அடைபடாமல் காத்தல் அவசியம். தவறினால் வேர் அழுகும். மழை ஓய்ந்தபின் நுனிகளைக் கிள்ளிவிட்டால், கிளைத்துப் பூத்துச் சில ஆண்டுகள் நிலைக்கும்.

இதன் பெருமை மலரோடு முடியவில்லை. நீரிழிவுக்கு நல்லதென்று ஜமைக்கா மக்கள் காய்ச்சிக் குடித்த இலைகள், 1952-இல் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் ராபர்ட் நோபிளை எட்டின. சோதித்த எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை. இரத்தத்தின் வெள்ளையணுக்களே குறைந்தன. அக்குறிப்பைப் பற்றிச் சென்ற அவரும் சார்லஸ் பீரும், 1958-இல் வின்பிளாஸ்டின் என்னும் மருந்தை வெளியிட்டனர். அதனை அடுத்து, இதே செடியிலிருந்து வின்கிறிஸ்டின் கிடைத்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அஃது இன்றும் இன்றியமையாதது. பரேலில் 1941-இல் தொடங்கிய டாட்டா நினைவு மருத்துவமனையிலும் அம்மருந்து பயன்படுகிறது. நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கங்களில் மருந்துக்காகவே இச்செடியைப் பயிரிட்டு, இலையையும் வேரையும் உலர்த்தி விற்கின்றனர்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. நீரிழிவுக்கென்று காலையில் இவ்விலையை மெல்லும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது தகாது. நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் மருந்தைப் பிரித்து, அதனையும் மிக நுண்ணிய அளவில், வைத்தியர் மேற்பார்வையில் இரத்தக் குழாயிற் செலுத்துகின்றனர். அத்தகைய பொருளை அளவறியாது உட்கொள்வது நன்மை தருமா? கர்ப்பிணிகளுக்கு இது பெருந்தீங்கு. சிறு குழந்தைகளுக்கும் எட்டாமல் வைத்தல் வேண்டும். சர்க்கரைக்கு வைத்தியர் தந்த மாத்திரையை இவ்விலையை நம்பி நிறுத்துவதோ இரட்டைக் கேடு.

மலரைப் பூஜைக்குக் கொய்யுங்கள். இலை செடியிலேயே இருக்கட்டும்.