கொத்து ஓர் ஊரில், குடி அடுத்த ஊரில்: கல்முனைக் கரையின் போட்டி இரவுகள்

கிரிக்கெட் போட்டி இரவுகளில் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் கொத்து போடும் சத்தம் ஓய்வதில்லை. இலங்கை அணி விளையாடினால் ஒரு கூட்டம், இந்தியாவும் பாகிஸ்தானும் மோதினால் அதைவிடப் பெரிய கூட்டம். மாட்டிறைச்சிக் கொத்து, கோழிக் கொத்து, புரியாணி என்று பார்சல்கள் பாண்டிருப்புக்கும் காரைதீவுக்கும்கூடப் போகின்றன. கொத்தை வாங்குவதில் தமிழர், முஸ்லிம் என்ற கணக்கில்லை. பார்சலைப் பிரித்த பிறகு பக்கத்தில் எந்தக் குவளை வைக்கப்படுகிறது என்பதில்தான் கணக்கு தொடங்குகிறது.

மேற்கு நாடுகளில் போட்டி நாளுக்கென்றே ஒரு விருந்து முறை உண்டு. கொழுப்பு நிறைந்த இறைச்சியைச் சமைத்து, அதற்குப் பொருத்தமான சிவப்பு வைனைத் தேடுவார்கள். இதற்குக் காரணமும் இருக்கிறது. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் துவர்ப்பு, இறைச்சியின் புரதத்தோடும் கொழுப்போடும் சேர்ந்து அடங்கிவிடும். வைனின் புளிப்பு வாயைக் கழுவி அடுத்த கவளத்துக்குத் தயாராக்கும். ஆனால் நமது கொத்துக்கு இந்தக் கணக்கு சரிவராது. மிளகாயின் எரிவை மதுசாரம் கூட்டும், துவர்ப்பும் கூட்டும். எரிவைத் தணிப்பவை இனிப்பும் பாலும்தான். அந்தக் கடைகளில் கொத்தோடு ஜின்ஜர் பியர், நெக்டோ, பலூடா, சீனி கூடிய பால் தேநீர் என்று கேட்டு வாங்குகிறார்களே, அது மார்க்கத்துக்கு மட்டுமல்ல, நாக்குக்கும் பொருந்துகிற தெரிவு. (ஜின்ஜர் பியரில் பெயரில் மட்டும்தான் பியர் இருக்கிறது என்பதை வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.)

வைன் நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அல்ல. யாழ்ப்பாணத்தில் தோலகட்டி ஆச்சிரமத்தின் நெல்லிரசத்தையும் திராட்சை ரசத்தையும் அறியாத தலைமுறை குறைவு. ஆனால் விருந்து மேசையில் உணவுக்குத் துணையாக ஒரு சிறு குவளை என்ற பழக்கம் கொழும்பு ஹோட்டல்களைத் தாண்டி வரவில்லை. எங்களிடம் வந்தது அதன் தலைகீழ் வடிவம். அங்கே உணவுக்குத் துணையாக மது. இங்கே மதுவுக்குத் துணையாக உணவு, அதற்குப் பெயர் ‘பைட்ஸ்’. போட்டி இரவில் சாராயப் போத்தலுக்குப் பக்கத்தில் வைக்கப்படும் கொத்து வயிற்றுக்காக வாங்கப்பட்டதல்ல. வீட்டில் பிள்ளைகளுக்கு அந்தக் கொத்தில் பங்கு கிடைப்பதுமில்லை.

அந்தப் போத்தல் எங்கே வாங்கப்படுகிறது? கல்முனைக் கரையை வடக்கிலிருந்து தெற்காக நடந்து பாருங்கள்: பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். முஸ்லிம் ஊர்களில் மதுபானசாலை திறக்க யாரும் துணிவதில்லை, பள்ளிவாசல் நிர்வாகங்கள் விடுவதுமில்லை. ஆகவே இந்தக் கரையில் மதுபானசாலை என்றால் அது தமிழ் ஊரைத்தான் தேடி வரும். முஸ்லிம் ஊர்களில் குடிப்பவர்களே இல்லை என்று அந்த ஊர் மக்களும் சொல்லமாட்டார்கள். அவர்கள் வாங்குவது பக்கத்துத் தமிழ் ஊரில். ஒரு சமூகத்தின் கட்டுப்பாடு இன்னொரு சமூகத்தின் தெருவில் வியாபாரமாகிறது. இதற்கு முஸ்லிம்களைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. தங்கள் ஊரைக் காத்துக்கொள்வது அவர்களுடைய உரிமை. கேட்க வேண்டியது, தமிழ் ஊர்கள் ஏன் அப்படிக் காக்கப்படவில்லை என்பதை.

2024 டிசம்பர் 4ஆம் திகதி சபை முதல்வர் பிமல் ரத்நாயக்க நாடாளுமன்றத்தில் முன்வைத்த விபரத்தின்படி, அந்த ஆண்டில் மட்டும் வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் 361. வடக்கு மாகாணத்துக்கு 32, கிழக்குக்கு 22. கிளிநொச்சி மாவட்டம் ஒன்றுக்கே 16. இறுதிப் போரில் முழுதாக இடம்பெயர்ந்து, வெறுங்கையோடு திரும்பிய மாவட்டம் அது. தேர்தல் ஆண்டில் அனுமதிப்பத்திரங்கள் அரசியல் இலஞ்சமாகக் கைமாறின என்ற குற்றச்சாட்டு தெற்கில் மட்டும் எழவில்லை. வடக்கின் முன்னாள் முதலமைச்சர் சி.வி.விக்னேஸ்வரன் ஒருவருக்காகச் சிபாரிசுக் கடிதம் கொடுத்ததைத் தாமே ஒப்புக்கொண்டார். கிழக்கில் பெரியநீலாவணை மக்கள் தங்கள் ஊரில் வந்த புதிய மதுபானசாலைக்கு எதிராக வீதியில் இறங்கினார்கள்.

அரசுக்கு இது வருமானம். 2023இல் இரண்டு தடவை 20 வீதம் வீதமாக உயர்த்தப்பட்ட மதுவரி, 2025 ஜனவரியில் மேலும் 5.9 வீதம் உயர்ந்தது. வரி உயர்ந்தால் குடி குறையும் என்பது ஏட்டுக் கணக்கு. கூலி வேலை செய்யும் குடும்பத்தில் முதலில் குறைவது மரக்கறியும் பால்மாவும்தான். அல்லது குடிப்பவர் கசிப்புக்கு இறங்குகிறார். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் மது விளம்பரத்தையும் அனுசரணையையும் தடைசெய்கிறது, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதையும் தடைசெய்கிறது. போட்டி இரவில் மதுபானசாலை வாசலில் நிற்பவர்களின் வயதை யார் பார்க்கிறார்கள்?

குவளையின் கதை இப்படி என்றால், தட்டின் கதையில் அடி விழுந்தது முஸ்லிம்களுக்கு. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உணவில் கட்டியாக ஏதோ கிடந்தது என்று தகராறு தொடங்கியது. சிங்களவர்களுக்குக் குழந்தை பிறக்காமல் செய்யும் மாத்திரை என்றார்கள். கடைக்காரருக்குச் சிங்களம் சரியாக விளங்கவில்லை. சூழ நின்ற கூட்டத்துக்குப் பயந்து அவர் சொன்ன அரைகுறைப் பதில் ஒப்புதல் வாக்குமூலமாகக் காணொளியில் பரவியது. கடை நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன. அப்படி ஒரு மாத்திரை உலகிலேயே இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் அறிக்கை கொடுத்தது. அதற்குள் திகன எரிந்து, மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டமும் வந்துவிட்டது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளில் சாப்பிடாதீர்கள் என்று அஸ்கிரிய மகாநாயக்கரே பேசினார்.

அந்த அம்பாறைக் கடைக்காரர் அகப்பட்டது மொழியில். கச்சேரிக்குப் போய்ச் சிங்களப் படிவத்தோடு திண்டாடும் தமிழருக்கு அந்த நிலை புதிதல்ல. ஆனாலும் அன்று அதை ‘முஸ்லிம் பிரச்சினை’ என்று பார்த்துவிட்டு நகர்ந்த தமிழர்கள் பலர். இதற்கும் பின்கதை உண்டு. 1990 ஜூனில் கல்முனையில் தமிழர்கள் இராணுவத்தால் கொல்லப்பட்டார்கள், காணாமல் ஆக்கப்பட்டார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்கள். ஒரே தட்டில் சாப்பிட்ட ஊர்கள் அந்த ஆண்டோடு பிரிந்தன. கல்முனை வடக்குப் பிரதேச செயலக இழுபறியில் இன்றும் அந்தப் பிளவின் மிச்சத்தைப் பார்க்கலாம். இவ்வளவுக்கும் பிறகு ஒரு பாண்டிருப்பு இளைஞர் கல்முனைக்குடிக் கடையில் மறுபேச்சில்லாமல் கொத்து வாங்கிச் சாப்பிடுகிறார் என்பது சின்ன விடயம் அல்ல. அரசியல்வாதிகளின் எத்தனையோ நல்லிணக்கக் கூட்டங்கள் செய்யாததை அந்தப் பார்சல் செய்கிறது.

ஆனால் போட்டியைச் சேர்ந்து பார்க்க உட்கார்ந்தால் குவளை குறுக்கே வருகிறது. போத்தல் திறந்ததும் முஸ்லிம் நண்பன் எழுந்து போகிறான். கிரிக்கெட் மைதானத்திலேயே இது நடந்திருக்கிறது. 2019 உலகக் கிண்ணத்தை இங்கிலாந்து வென்ற நாளில், ஷம்பேன் வைனைப் பீய்ச்சத் தொடங்கியதும் மொயீன் அலியும் ஆதில் ரஷீதும் மேடையிலிருந்து விலகினார்கள். 2022 ஜனவரியில் ஹோபார்ட்டில் ஆஷஸ் வெற்றியைக் கொண்டாடியபோது, உஸ்மான் கவாஜா ஒதுங்கி நிற்பதைக் கண்ட அவுஸ்திரேலிய அணித்தலைவர் பட் கமின்ஸ், போத்தல்களைக் கீழே வைக்கச் சொல்லி அவரைக் கூப்பிட்டார். யாரும் குடியைக் கைவிடவில்லை. வரிசையில் ஓர் ஆளுக்கு இடம் விட்டார்கள், அவ்வளவுதான்.

கல்முனைக் கரையில் இதைச் செய்வதற்குச் சட்டம் தேவையில்லை. மதுபானசாலை விடயத்தில் சட்டம் தேவை. எந்தக் கிராம சேவகர் பிரிவில் எத்தனை அனுமதிப்பத்திரம், யாருடைய சிபாரிசில் வந்தது, பாடசாலையும் ஆலயமும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதை மதுவரித் திணைக்களம் ஊர்வாரியாக வெளியிட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் இருக்கிறது. பெரியநீலாவணையிலிருந்து அந்த விண்ணப்பம் போகலாம், பக்கத்து மருதமுனையிலிருந்தும் அதே விண்ணப்பம் போகலாம். இரண்டு ஊர்களும் ஒரே மனுவில் கையெழுத்திட்டால், அனுமதிப்பத்திரம் கொடுத்தவர்கள் அதை ஓர் இனத்தின் முறைப்பாடு என்று ஒதுக்கிவைப்பது கடினம்.