கொள்ளா? கடிவாளமா?

"கொள்ளுன்னா வாயைத் திறக்குமாம், கடிவாளம்னா வாயை மூடிக்குமாம் குதிரை." சின்ன வயசில் வீட்டில் யாராவது இதைச் சொன்னால் அது குதிரையைப் பற்றி இருக்காது. என்னைப் பற்றித்தான் இருக்கும். சாப்பாடு என்றால் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிட்டு, வேலை என்றால் காணாமல் போகிறவனைத் திட்டுவதற்கான பழமொழி. ஜெய்ப்பூருக்கு வந்த பிறகுதான் அதில் குதிரையின் பக்கமும் ஒரு நியாயம் இருப்பது உறைத்தது.

தீபாவளி முடிந்து தேவ் உட்னி ஏகாதசி வந்துவிட்டால் இங்கே கல்யாண சீசன். பேண்டு வாத்தியம், வரிசையாக விளக்கு தூக்கிகள், பின்னாலேயே உறுமிக்கொண்டு வரும் ஜெனரேட்டர், நடுவில் 'கோடி' மேல் மாப்பிள்ளை. (கோடி என்றால் இங்கே பெண் குதிரை. வரதட்சணைக் கணக்கு இல்லை :-)) காசு கொஞ்சம் கூடக் கொடுத்தால் ஆடுகிற குதிரையே கிடைக்கும். டோலக் சத்தத்துக்குக் கால் மாற்றி மாற்றிக் குதிக்கும், முன்னங்காலை மடக்கி வணங்கும், சில இடங்களில் கயிற்றுக் கட்டில் மேல் ஏறியும் நிற்கும்.

இப்போது நம்மவர்கள் வீட்டுக் கல்யாணங்களிலும் இது நுழைந்துவிட்டது. மாப்பிள்ளை அழைப்புக்குப் பூ ஜோடித்த கார் போய்க் குதிரை வந்துவிட்டது. எங்கள் குடியிருப்பில் இருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி, மகள் கல்யாணத்துக்கு ஆடுகிற குதிரைதான் வேண்டும் என்று நின்றார். எனக்கு இந்தி கொஞ்சம் சரளம் என்பதால் பேரம் பேசும் வேலை என் தலையில் விழுந்தது.

ஊருக்கு வெளியே ஒரு கொட்டடி. குதிரைக்காரர் ஒரு வெள்ளைக் குதிரையை வெளியே கொண்டுவந்தார். மார்வாரி ஜாதி, காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தன. செல்போனில் பாட்டைப் போட்டு, லகானை ஒட்டப் பிடித்து, குச்சியால் காலில் தட்டினார். குதிரை ஆடியது. ஆடியது என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் வாய் பிளந்திருக்கிறது, கண்ணில் வெள்ளை தெரிகிறது, வால் சுழற்றிச் சுழற்றி அடிக்கிறது. கடிவாளத்தைக் காட்டச் சொன்னேன். வாய்க்குள் போகும் இரும்பில் சின்னச் சின்ன முட்கள்.

குதிரையின் வாயில் முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு உட்காருவது அங்கேதான். எலும்புக்கு மேல் மெல்லிய ஈறு, அவ்வளவுதான். குச்சி 'முன்னே போ' என்கிறது, முள் 'போகாதே' என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கால்கள் நின்ற இடத்திலேயே குதிக்கின்றன. அதற்குப் பெயர் நாட்டியம். நாம் கை தட்டுகிறோம்.

குதிரைக்காரர் பணம் பேச உள்ளே போன நேரத்தில் அவர் பையன் ஒரு வேடிக்கை காட்டினான். பதினைந்து வயசிருக்கும். அதே குதிரை, வாயில் ஒன்றும் இல்லை, கழுத்தில் வெறும் கயிறு. பையன் ஒரு விரலைத் தாழ்த்தினான். குதிரை ஒரு முன்னங்காலை நீட்டி, இன்னொன்றை மடக்கி, தலையைக் கீழே கொண்டுபோனது. அச்சு அசலாக ஒரு வணக்கம்! "எப்படிடா கத்துக்கொடுத்தே?" என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு வெல்லக் கட்டியை எடுத்துக் காட்டிச் சிரித்தான்.

அவன் செய்ததில் மந்திரம் ஒன்றும் இல்லை. முதலில் தீனியை மார்புக்குக் கீழே காட்டினால் தலை தாழும். தாழ்ந்த அந்த நொடியில் ஒரே மாதிரியான ஒரு சத்தம், உடனே தீனி. சத்தம் வந்தால் 'நீ இப்போ செய்தது சரி' என்று குதிரைக்குப் புரிந்துவிடும். அடுத்த நாள் தீனி இன்னும் கொஞ்சம் பின்னால், முன்னங்கால்களுக்கு நடுவில். எட்டிப் பிடிக்க முழங்கால் தானாக மடங்கும். இப்படிப் படிப்படியாக, ஒரு தடவைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் போகாமல். செய்கை நன்றாகப் பிடிபட்ட பிறகுதான் கட்டளை வரும், சொல்லோ விரலோ எதுவானாலும். தீனியைத் தாமதமாகக் கொடுத்தால், அந்த நேரத்தில் அது என்ன செய்துகொண்டிருந்ததோ அதைத்தான் கற்றுக்கொள்ளும். பையைக் குடைந்து கையைக் கடிக்கவும் பழகிவிடும் என்பதால், முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தால்தான் தீனி என்பது முதல் பாடம்.

"இதெல்லாம் வெல்லத்துக்காக வளையும் ஐந்தறிவு, அதற்கு அடி போட்டால்தான் புரியும்" என்பவர்களுக்கு பெர்லின் ஹான்ஸ் கதையைச் சொல்ல வேண்டும். வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தன் குதிரைக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். கேள்வி கேட்டால் ஹான்ஸ் குளம்பைத் தட்டி விடை சொல்லும். 1904-ல் ஒரு குழு வந்து சோதித்து, ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்றது. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் விடாமல் சோதித்து 1907-ல் புத்தகமாகவே எழுதினார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியாது. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி மறைத்தாலும் தெரியாது. கேள்வி கேட்டவர் தன்னை அறியாமல் லேசாகக் குனிந்தால் தட்ட ஆரம்பிக்கும். சரியான எண் வந்ததும் தலை இம்மியளவு நிமிரும். அதைப் பார்த்து நிறுத்திவிடும். கேட்டவருக்கே தெரியாத அசைவு அது!

ஹான்ஸுக்குக் கணக்கு தெரியாது என்று நிரூபித்துவிட்டதாக எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது வேறு ஒன்றையும் நிரூபித்ததாகத் தோன்றுகிறது. மனுஷன் தலை இம்மியளவு அசைந்தாலே படித்துவிடும் மிருகத்துக்கு, வாய்க்குள் முள் வைத்துத்தான் 'சொல்ல' வேண்டுமா? சத்தம் போட்டுப் பேச வேண்டியது காது கேளாதவரிடம். இது நம் மூச்சையே கவனித்துக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். அழுத்தம் எல்லாமே கொடுமை இல்லை. குதிரை ஏறுகிற எவரும் காலால் லேசாக அழுத்தித்தான் போகச் சொல்கிறார்கள். குதிரை நகர்ந்ததும் அழுத்தத்தை விட்டுவிட வேண்டும், அந்த விடுதலைதான் அதற்குப் பரிசு. கல்யாண ஊர்வலத்தில் அந்த விடுதலையே கிடையாது. இரண்டு மணி நேரம் ஆடினாலும் முள் அங்கேயேதான் இருக்கும். 1965-ல் வந்த மிருகவதைத் தடுப்பு விதிகளிலேயே முள் கடிவாளத்துக்குத் தடை இருக்கிறது. விதி இருந்து என்ன, ராத்திரி பதினொரு மணிக்குப் பேண்டு சத்தத்துக்கு நடுவில் குதிரையின் வாயை யார் பார்க்கிறார்கள்?

குதிரைக்காரரைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. சீசனில் சம்பாதித்துத்தான் வருஷம் முழுக்கக் குதிரைக்கும் குடும்பத்துக்கும் தீனி. வெல்லம் வைத்துக் கற்றுக்கொடுக்க மாதக்கணக்காகும், முள்ளுக்கு அரை மணி போதும். நமக்கு வேண்டியது ஆட்டம் மட்டும்தான் என்று தெரிந்த பிறகு அவர் எதற்கு மாதக்கணக்காக மெனக்கெடுவார்? காசு நம்முடையது, ஆகவே கேள்வியும் நாம்தான் கேட்கவேண்டும்.

நான் பேசி முடித்தது இதுதான்: முள் இல்லாத சாதாரண கடிவாளம், ஆட்டம் கிடையாது, நடை மட்டும், பேண்டுக்கும் குதிரைக்கும் நல்ல இடைவெளி, நடுவில் தண்ணீர். மண்டப வாசலில் பையன் வெல்லத்தோடு நின்று ஒரே ஒரு வணக்கம். பணம் ஆட்டக் குதிரைக்கான அதே பணம். குதிரைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "என்ன தம்பி இப்டிச் செஞ்சிட்டிய? ஆட்டம் இல்லாம என்னத்துக்குக் குதிர? சம்பந்தி வீட்டுக்காரவ என்ன நெனப்பாவ?" என்று முகம் வாடிப்போனார். நல்ல மனுஷர், ஒரே மகள், ஆசைப்பட்டதில் தப்பும் இல்லை. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. கல்யாணத்தன்று குதிரை நடந்து வந்தது, வாசலில் வணங்கியது, குழந்தைகள் 'இன்னொரு தடவை' என்று கத்தினார்கள். சம்பந்தி வீட்டில் யாரும் ஆட்டத்தைத் தேடவில்லை. ஆனாலும் அண்ணாச்சிக்கு அந்தக் குறை இன்னும் இருக்கிறது, லிஃப்டில் பார்த்தால் நலம் மட்டும்தான் விசாரிக்கிறார்.

வடக்கே இருக்கும் நம் குடும்பங்களில் அடுத்த முகூர்த்தத்துக்குக் குதிரை பேசப் போகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கடிவாளத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். போகும்போது பையில் கொஞ்சம் வெல்லமும் கொண்டுபோங்கள். கடிவாளத்துக்கு ஏன் வாயை மூடிக்கொள்கிறது என்று அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.