கிணறு உவராகிறதும் அனர்த்தம்தான்

'அனர்த்தம்' என்று சொன்னவுடன எங்கட மனசில வருகிறது என்ன? 2004 டிசம்பர் 26. இல்லாட்டி ஒவ்வொரு கார்த்திகையிலும் வட்ஸ்அப்பில சுத்துகிற புயல் வரைபடம், முழங்கால் அளவு வெள்ளத்தில நிற்கிற பள்ளிக்கூடம், சாப்பாட்டுப் பார்சல் குடுக்கிற போட்டோ. வேகமாக வருவதை மட்டும் அனர்த்தம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். மெதுவாக வருகிறதுக்கு எங்களிட்ட பெயர்கூட இல்லை. என்னைக் கேட்டால், யாழ்ப்பாணத்தின்ர பெரிய அனர்த்தம் மெதுவாகத்தான் வந்துகொண்டிருக்கிறது, அது எங்கட கிணத்துக்குள்ளால வருகிறது என்றுதான் சொல்லுவேன்.

இதை விளங்கிக்கொள்ளக் கீரிமலைக் கேணியை ஒருக்கா யோசித்துப் பாருங்கோ. ஆடி அமாவாசைக்கோ, சும்மா கூட்டாளிமாரோட குளிக்கவோ அங்க போகாத ஆக்கள் குறைவு. கடலுக்குப் பக்கத்திலயே ஊற்றுத் தண்ணி. நகுல முனிவரின்ர கீரிமுகம் மாறின கதை எல்லாருக்கும் தெரியும். அந்தத் தண்ணி எங்க இருந்து வருகிறது என்ற கதையைத்தான் நாங்கள் அவ்வளவாகக் கதைக்கிறதில்லை.

குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறுகூட மாரியில மட்டும்தான் ஆறு. எங்களுக்கு இருக்கிறது ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்கிற மழையும் அதைப் பிடித்து வைக்கிற சுண்ணாம்புக்கல்லும்தான். மழைத்தண்ணி மண்ணுக்குள்ளால இறங்கி, கல்லில இருக்கிற வெடிப்புகளுக்கும் குகைகளுக்கும் உள்ளால ஓடி, கரையில ஊற்றாக வெளியில வருகிறது. கீரிமலை அப்பிடியான ஒரு வாசல்.

நிலத்துக்குக் கீழ நல்ல தண்ணி கடல் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டுதான் இருக்கிறது. புத்தகக் கணக்கின்படி, கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நின்றால் கீழ ஏறத்தாழ 40 அடி இருக்கும். திருப்பி யோசித்தால்தான் பயம் வரும். மோட்டர் போட்டு இறைத்து மேல 1 அடியைக் குறைத்தால், கீழ இருக்கிற உப்புத்தண்ணி 40 அடி மேல வர வழி கிடைக்கிறது. துலாவும் பட்டையும் இருந்த காலத்தில மனிசன்ர கை களைக்கும்போது இறைப்பு நின்றது. மோட்டருக்குக் களைப்பில்லை.

உப்போட கதை முடியவில்லை. சுண்ணாம்புக்கல் நல்ல தண்ணியை எவ்வளவு கெதியாக உள்ளுக்கு விடுகிறதோ, அவ்வளவு கெதியாக அழுக்கையும் விடும். தோட்டத்துக்குப் போடுகிற யூரியாவும் மலசலகூடக் குழியும் சேர்ந்து கிணறுகளில நைத்திரேற்றைக் கூட்டுவது பல ஆய்வுகளில வந்த விசயம். சுன்னாகத்தில கிணறுகளில எண்ணெய் மிதந்ததை நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்த நேரம் செய்தியில பார்த்தோம். அந்த வழக்கில உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்து, மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டும் என்றது. கீரிமலைப் பக்கத்தில இன்னொரு காயமும் இருக்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டின பள்ளங்கள். தோண்டி எடுத்தது கல்லை மட்டுமில்லை, தண்ணியைப் பிடித்து வைக்கிற பாத்திரத்தின்ர ஒரு பகுதியையும்தான்.

இதையெல்லாம் அனர்த்தத்துக்குள்ள சேர்க்கலாமா? சுனாமிக்குப் பிறகு வந்த 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தில வெள்ளம், சூறாவளி, வறட்சி எல்லாம் இருக்கிறது. எண்ணெய்க் கசிவும் இருக்கிறது. நிலத்தடி நீர் உவராகிறது என்று தனியாக ஒன்று இல்லை. அனர்த்த இடர் பற்றிப் படிக்கிற எவருக்கும் முதல் சொல்லித்தருகிற பாடம், ஆபத்து வேறு, இடர் வேறு என்பது. புயல் ஒரு ஆபத்து. அது வருகிற இடத்தில ஆர் இருக்கினம், என்ன நிலைமையில இருக்கினம் என்பதுதான் அதை அனர்த்தமாக்குகிறது. அப்பிடிப் பார்த்தால் கிணறு கெட்டுப்போன ஊர் ஒவ்வொரு புயலுக்கும் முதலே பாதி விழுந்த ஊர்.

"தாளையடியில கடல்தண்ணியைச் சுத்திகரிக்கிற நிலையம் 2024இல் திறந்தாச்சுத்தானே, இனிக் குழாயில தண்ணி வரும்" என்று சிலர் கேட்பினம். நியாயமான கேள்விதான். குடிக்கிறதுக்கு அது பெரிய உதவி. ஆனால் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் குழாய்த்தண்ணி கட்டாது. அதோட 2025 நவம்பரில டிட்வா புயல் 600 பேருக்கு மேல உயிரைக் கொண்டுபோனபோது, நாட்டின்ர பல மாவட்டங்களில மின்சாரமும் குழாய்த்தண்ணியும் சேர்ந்தே நின்றது. கரண்ட் இல்லாத நாளில ஒரு வாளியும் கயிறும் இருந்தால் தண்ணி தருகிறது கிணறு மட்டும்தான். அதைக் கைவிட்டுவிட்டுத் தாங்குதிறனைப் பற்றிக் கதைக்க ஏலாது.

அந்தத் 'தாங்குதிறன்' என்ற சொல்லிலயும் எனக்கு ஒரு முறைப்பாடு இருக்கு. "எங்கட சனம் எதையும் தாங்கும்" என்று மேடையில சொன்னால் கைதட்டு விழும். தாங்குகிறதுக்கு என்ன வேணும் என்று ஆரும் கேட்கிறதில்லை. ஊர் அறிவு வேணும். எந்தக் கிணறு நல்ல தண்ணி, எது கோடையில சவர் அடிக்கும், எத்தினை மணித்தியாலம் இறைத்தால் ருசி மாறும் என்று அங்கயே வாழ்ந்த சனத்துக்குத் தெரியும். வலிகாமம் வடக்குச் சனம் 1990இல் இடம்பெயர்ந்தது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள போன காணிகள் போர் முடிந்த பிறகும் துண்டு துண்டாகத்தான் விடுபட்டன. ஒரு தலைமுறை அந்தக் கிணறுகளில தண்ணி அள்ளாமலே வளர்ந்தது. அந்த இழப்பு எந்தச் சேத மதிப்பீட்டுப் படிவத்திலயும் இல்லை.

இதில கலைப்பீட மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஒவ்வொரு ஊரிலயும் ஒரு கிணத்துப் பதிவேடு தொடங்கலாம். வருசத்தில இரண்டு தரம், மாரி முடிய ஒருக்கா, கோடை முடிய ஒருக்கா, தண்ணி மட்டத்தை ஒரு கயிறும் கல்லும் வைத்து அளக்கலாம். உப்பின் அளவை அறிய மின்கடத்துதிறன் பார்க்கிற சின்னக் கருவி போதும், அதைப் பழக ஒரு பின்னேரம் காணும். நைத்திரேற்று மாதிரியானதுகளை ஆய்வுகூடத்துக்குக் குடுப்போம். கூடவே, இடப்பெயர்வுக்கு முதல் அந்தக் கிணறுகளில இறைத்த அம்மம்மாமார், அப்பப்பாமார் சொல்லுகிறதைப் பதிவு செய்வோம். வரலாறும் புவியியலும் சமூகவியலும் படிக்கிற எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான களவேலை என்ன இருக்கு?

முடிவுகளை ஆங்கிலத்தில ஆய்வுக்கட்டுரையாக்கி நூலகத்தில வைத்தால் மட்டும் காணாது. அந்த ஊர் வாசிகசாலைப் பலகையில தமிழில ஒட்டவேணும். பிரதேச செயலகத்தின்ர அனர்த்தத் திட்டத்துக்குள்ள அந்த எண்கள் போகும்வரை கேட்டுக்கொண்டே இருக்கவேணும். நாங்கள் அளக்கிறோம் என்பதற்காக அதிகாரிகளின்ர பொறுப்பு குறையாது. கையில எண் இருந்தால் "பார்ப்பம்" என்று சொல்லி எங்களை அனுப்பிவிடுவது அவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாகும்.

அடுத்த கோடை முடிவு புரட்டாதியில வரும். முதல் அளவை அப்ப எடுக்கலாம். உங்கட ஊரில ஒரு பத்துக் கிணத்தோட தொடங்குங்கோ.