பாகாயத்துல ஒரு ஸ்டாப்!

சனிக்கிழமை ஆனா போதும், 'மச்சி, அமிர்தி போலாமா?'ன்னு ஆரம்பிக்காத காலேஜ் கேங் வேலூர்ல உண்டா? ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலை அடிவாரம், குட்டி விலங்குப் பூங்கா, மழை பெய்தால் உயிர் வருகிற அருவி. ஒரு பைக்குல மூணு பேர். ஹெல்மெட் மட்டும் பத்திரமா கைப்பிடியில தொங்கிட்டு வரும்!

அந்த ரூட்ல கணியம்பாடிக்கு முன்னாடியே பாகாயம் வந்துடும். சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி இருக்கிற இடம். அங்கேதான் 'ரீஹேப்'னு எல்லோரும் சொல்கிற மறுவாழ்வு மையமும் இருக்கிறது. முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவர்கள் வாழ்க்கையை ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து படிக்கிற இடம் அது. படுக்கையில் புரள்வது எப்படி, உட்காருவது எப்படி, கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது எப்படி... எல்லாமே பாடம்தான்.

அந்த இடத்தை உருவாக்கிய டாக்டர் யார் தெரியுமா? அவரும் சக்கர நாற்காலியில் இருந்தவர்தான். பெயர் மேரி வர்கீஸ்.

1925-ல் கொச்சியில் பிறந்தவர். கேரள சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி.யில் படித்து டாக்டர் ஆனார். 1954 ஜனவரி. சக டாக்டர்களோடு ஜாலியாக ஒரு டிரிப். வண்டி உருண்டது. கண் விழித்தபோது முகத்தில் பெரிய காயம். அதைவிடப் பெரிய அடி முதுகுத்தண்டில். இனி நடக்கவே முடியாது. வயது முப்பதுகூட ஆகவில்லை.

அந்தக் காலத்தில் முதுகுத்தண்டு அடிபட்டால் இங்கே அநேகமாக மரண தண்டனை மாதிரி. காயத்தில் தப்பித்தவர்களைப் படுக்கைப் புண் கொண்டுபோகும். இல்லையென்றால் சிறுநீரகத்தில் சீழ் வைத்துக் கொண்டுபோகும். மேரியே டாக்டர். தனக்கு என்ன நடக்கப்போகிறது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யோசிச்சுப் பாருங்க, அதுதானே இன்னும் கொடுமை?

'அப்புறம் ஜெபம் பண்ணினார், அற்புதம் நடந்தது'ன்னு கதை போகும்னு நினைக்கிறீங்களா? இல்லை. கடைசிவரை அந்தக் கால்கள் அசையவே இல்லை.

நடந்தது வேறு. டாக்டர் பால் பிராண்ட் அப்போது வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். தொழுநோய் நரம்பைத் தாக்கும். விரலை நீட்டி மடக்குகிற சின்னத் தசைகள் செத்துப்போகும். நன்றாக வேலை செய்கிற இன்னொரு தசையின் நாணை எடுத்து விரலுக்கு மாற்றித் தைத்தால், கை மறுபடி டம்ளரைப் பிடிக்கும், சோற்றைப் பிசையும். இதில் ஒரு முக்கியமான விஷயம், கை ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம்! மேரிக்கு அந்த வழியைக் காட்டியவர் பிராண்ட்தான்.

ஆனால் உட்காருவதற்கே முதுகு நிற்க வேண்டுமே? அதற்காக எலும்பைச் சேர்த்து வைக்கும் ஆபரேஷன்களைத் தாங்கினார். பிறகு சக்கர நாற்காலியோடு ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார். ஊர் ஒதுக்கி வைத்தவர்களின் கைகளை, நடக்க முடியாத ஒரு பெண் சரி செய்தார். தன் விரல் நிமிர்ந்ததைப் பார்க்கிற நோயாளி, எதிரே அந்த நாற்காலியையும் பார்த்திருப்பார் இல்லையா? 'உனக்கும் வழி இருக்கு'ன்னு அவரிடம் யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் மறுவாழ்வுப் பயிற்சி. நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவத்தில் மேற்படிப்பு. திரும்பி வந்து 1963-ல் சி.எம்.சி.யில் அதற்கென்றே ஒரு துறை. 1966-ல் பாகாயத்தில் அந்த மையம். 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் மறைந்தார்.

சரி, இதில் விசுவாசம் எங்கே வருகிறது?

உயிர்த்தெழுந்த இயேசுவை நம்ப மறுத்த தோமாவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கேரள சிரியன் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆரம்பமே அந்தத் தோமாதான் என்று சொல்வார்கள். தோமாவுக்கு இயேசு எதைக் காட்டினார்? தழும்பைத்தான். சாவையே ஜெயித்து வந்தவரின் கையில் ஆணிக் காயம் அப்படியே இருந்தது. அது மறைந்துபோகவில்லை, அடையாளமாக மாறியது. கிறிஸ்தவம் சொல்கிற மீட்பு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பட்ட அடியை ரப்பர் வைத்து அழிப்பது இல்லை. அந்த அடியிலிருந்தே அடுத்தவனுக்கு ஒரு வழி திறப்பது.

'ஏன் எனக்கு?' என்று கேட்பதும் பாவமில்லை, ஃப்ரெண்ட்ஸ். பைபிளில் யோபு அதைத்தான் பக்கம் பக்கமாகக் கேட்கிறார். அவருக்குக் காரணம் கடைசிவரை சொல்லப்படவே இல்லை. மேரியின் வாழ்க்கையிலும் 'ஏன்?' என்பதற்குப் பதில் கிடைத்த மாதிரி தெரியவில்லை. 'இனி என்ன?' என்பதற்குக் கிடைத்தது. அதுவும் ஒரே நாளில் இல்லை, வருஷக்கணக்கில்!

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஆர்டர் குறைந்து அம்மா வேலை போய் உட்கார்ந்திருக்கலாம். கேம்பஸ் இன்டர்வியூவில் உங்களைத் தவிர மொத்த கேங்கும் செலக்ட் ஆகியிருக்கலாம். அரியர் எண்ணிக்கை வயசைத் தாண்டப் பார்க்கலாம்! 'எல்லாம் நல்லதுக்கே'ன்னு யாராவது வந்து சொன்னா கோபம்தான் வரும். வரட்டும். அந்தக் கோபத்தோடவே இன்னிக்குக் கையில் என்ன மிச்சம் இருக்குன்னு மட்டும் எண்ணிப் பாருங்க. கோயில், சர்ச், மசூதி எங்கே போறவங்களா இருந்தாலும், எங்கேயும் போகாதவங்களா இருந்தாலும் இந்தக் கணக்கு பொதுதான்.

கூடவே ஒரு விஷயத்தை மனசில் எழுதி வெச்சுக்குங்க. ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்காதீர்கள். முதுகுத்தண்டில் அடி இருந்தால், அந்தத் தூக்கலே நிரந்தரமாகக் காலைப் பறித்துவிடும். கழுத்தும் முதுகும் அசையாமல் பார்த்துக்கொண்டு 108-க்கு போன் போடுங்க. அந்த ஹெல்மெட்டையும் கைப்பிடியிலிருந்து எடுத்துத் தலையில் மாட்டுங்க, ப்ளீஸ்!

அடுத்த வாரம் பேசலாம்.