வேட்டையின் விலையைக் கொடுத்தவர் யார்?

கனடாவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். இலையுதிர் காலம் வந்தால் அங்கே மான் வேட்டைக்குப் போகிறவர். துவக்கு, தோட்டா, அனுமதிப்பத்திரம், எரிபொருள் எல்லாமே விலையேறிவிட்டன என்று நெடுநேரம் அலுத்துக்கொண்டார். முடிவில் ஒரு வேண்டுகோள்: "ஆடியில் ஊருக்கு வருகிறேன். இலங்கைத்துறை முகத்துவாரப் பக்கம் காடு கிடக்கிறதே, இரண்டொரு மரை சுட ஒழுங்கு செய்யும். அங்கே மலிவாக முடியும்."

1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி அது குற்றம் என்று சொல்லி நான் பேச்சை முடித்திருக்கலாம். ஆனால் 'மலிவு' என்ற சொல் மனத்தில் தைத்துவிட்டது.

இலங்கையில் வேட்டை மிக மலிவாக இருந்த காலம் ஒன்று உண்டு. மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி ஏறத்தாழ 1,400 யானைகளைச் சுட்டவர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் அரசு சன்மானத்துக்காகக் கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ட் எழுதிவைத்திருக்கிறார். தலைக்குச் சில ஷில்லிங். கொல்பவனுக்குச் செலவில்லை, வரவு!

விலங்குகள் அருகத் தொடங்கியதும் அதே துரைமாருக்கு ஞானம் பிறந்தது. 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் கண்டார்கள். யாலப் பக்கத்தில் வேட்டைப் பிரியர்களுக்கென்றே ஒரு காட்டை ஒதுக்கினார்கள். துரை சுட்டால் விளையாட்டு. கறிக்காகச் சுட்ட காட்டோரத்துக் குடியானவன் களவு வேட்டைக்காரன்.

இலங்கைத்துறை, ஈச்சிலம்பற்று, வாகரை என நீளும் அந்தக் கரையில் தமிழ் பேசும் கரையோர வேடர் வாழ்கிறார்கள். செலிக்மன் தம்பதியர் 1911இலேயே அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தேன், மீன், வேட்டை என்று வாழ்ந்த அம்மக்களிடமிருந்து சட்டம் காட்டைப் பறித்தது. பின்னர் போர் காட்டுவழியை மூடியது. 2006இல் ஊரையே விட்டு ஓட நேர்ந்தது. அவர்களுக்கு மறுக்கப்பட்ட காட்டில், டொலரோடு வருகிறவர் பொழுதுபோக்குக்காக மரை சுடுவதா? இது எந்த ஊர் நியாயம்?

வேட்டைக் கட்டணம்தான் காட்டைக் காக்கிறது என்று நண்பர் வாதாடினார். நமீபியாவில் ஒரு கறுப்புக் காண்டாமிருகத்தைச் சுடும் உரிமை 2014இல் 3,50,000 டொலருக்கு ஏலம் போனதையும் எடுத்துக்காட்டினார். கணக்கோடு கட்டணம் வாங்கி, அதைக் காட்டுக்கே செலவிடும் நாடுகள் இருக்கலாம். ஆனால் அவர் என்னிடம் கேட்டது அதுவன்று. கட்டணமே இல்லாத களவு வேட்டையை அல்லவா கேட்டார்!

இங்கே நிலைமை என்ன? 2023இல் மட்டும் நாடு முழுவதும் 450க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் மாண்டார்கள். காடு சுருங்கியதால் யானை வயலுக்கு வருகிறது. பன்றிக்கு வைக்கும் 'ஹக்கபட்டாஸ்' வெடியைக் கடித்து, வாய் சிதைந்த யானைக்கன்று பல நாள் பட்டினி கிடந்து சாகிறது. பயிரைக் காக்கப் போனவன் பிணமாகத் திரும்புகிறான். இந்தச் செலவு எந்த வேட்டைக்காரரின் கணக்கிலும் ஏறுவதில்லை.

வயிற்றுக்காக வேட்டையாடியவனை நான் குறை சொல்லமாட்டேன். பொழுதுபோக்குக்குச் சுடுகிறவர் விலையேற்றம் பற்றிப் புலம்பும்போது மட்டும் எனக்கு இரக்கம் வருவதில்லை. நெடுங்காலம் பிறர் தலையில் கட்டப்பட்ட செலவில் ஒரு சிறு பங்கு இப்போதுதான் உரியவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

நண்பரே, ஆடியில் கட்டாயம் வாரும். துவக்கைப் பற்றிய பேச்சு வேண்டாம். ஒரு கமக்காரனோடு இரவு முழுதும் பரணில் காவல் இருப்போம். விடியும்போது, எது மலிவு என்று நீரே சொல்லும்.